முன்னே போகிறவள்: பெண்கள் மலைக்குழு பிறந்த கதை

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் மலை ஏறாத பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடியுமுன்னே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுமாக, “கொஞ்சம் தள்ளி உக்காருக்கா” என்று இடித்துப் பிடித்து ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஜீப் நின்ற இடத்திலிருந்து காய் எடுக்கிற இடம் வரை ஏற்ற இறக்கமெல்லாம் நடைதான். அட்டை கடிக்கும், வழுக்கும், மழை பெய்யும். மாலையில் திரும்பி வந்து உலை வைக்க வேண்டும். இதற்கு மலையேற்றம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வேலைக்குப் போவது, அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு ஏறுவது ஒன்று என்றால், நேர்ச்சைக்கு ஏறுவது இன்னொன்று. வருடத்தில் ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று, லோயர்கேம்ப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பெண்கள் சாரை சாரையாக ஏறுவார்கள். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரை பிடித்து நடந்து, பதினான்கு நாள் கழித்துக் குன்றேறி வேங்கை மர நிழலில் நின்றவள் கண்ணகி என்கிறது சிலப்பதிகாரம். அவள் வந்து நின்ற இடம் இதுதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. துணையில்லாமல், வழிகாட்டியில்லாமல், தன் முடிவில் தானே மலை ஏறிய பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிற ஊர் இது.

அப்படியிருந்தும், கயிறும் கூடாரமும் தலைவரும் அனுமதிக் கடிதமுமாக மலையேற்றம் ஒரு துறையாக உலகத்தில் உருவானபோது, பெண்ணுக்கு அதில் கிடைத்த இடம் எப்போதும் வரிசையின் நடுவில்தான். முன்னால் ஓர் ஆண், பின்னால் ஓர் ஆண். அந்த வரிசையை உடைத்து, பெண்களே கூடி, பெண்ணே தலைமை தாங்கி மலைக்குப் போகும் குழு என்று ஒன்று எப்படிப் பிறந்தது என்பதே இங்கே சொல்லவரும் கதை. ஆல்ப்ஸில் தொடங்கி, ஜப்பானில் தையல் வேலை பார்த்து, உத்தரகாசியில் வளர்ந்து, குரங்கணியில் நெருப்பைக் கண்டு வந்த கதை.

இழுத்துப் போன காலம்

மேற்கு ஐரோப்பாவின் பெரிய மலையான மோன் பிளாங்கின் உச்சியை 1808இல் தொட்ட முதல் பெண் மாரி பாரடிஸ். ஷாமோனி ஊரில் வேலைக்காரியாக இருந்தவர். உள்ளூர் வழிகாட்டிகள் அவரை இழுத்தும் தள்ளியும் தூக்கியும்தான் மேலே சேர்த்தார்கள் என்று அவரே ஒளிக்காமல் சொல்லிவந்தார். முப்பது வருடம் கழித்து, 1838இல், ஆன்றியெத் தான்ழெவீல் என்ற சீமாட்டி அதே மலைக்குப் போனார். அவருக்கு அப்போது வயது 44. யாரும் இழுத்துப் போக வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. பயணத்தைத் திட்டமிட்டதும் ஆள் அமர்த்தியதும் அவரே. உச்சியில் வழிகாட்டிகள் அவரைத் தோளுக்கு மேல் தூக்கி, இப்போது மோன் பிளாங்கைவிட நீங்கள் உயரம் என்று மகிழ்ந்தார்களாம். திட்டம் பெண்ணுடையதாக ஆகிவிட்டது. வழி மட்டும் இன்னும் ஆண்கள் கையில்.

1871இல் லூசி வாக்கர் மேட்டர்ஹார்ன் சிகரத்தை ஏறிய முதல் பெண் ஆனார். அதுவும் முழுநீளப் பாவாடையில். 1857இலேயே லண்டனில் தொடங்கிவிட்ட ஆல்பைன் கிளப்பில் பெண்களுக்கு இடம் கிடையாது. பொறுத்துப் பார்த்த பெண்கள் 1907இல் தங்களுக்கென்று லேடீஸ் ஆல்பைன் கிளப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் எலிசபெத் லெ பிளாண்ட், ஊர் எல்லை தாண்டியதும் பாவாடையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போட்டிருக்கும் கால்சட்டையோடு ஏறுகிறவர். ஒருமுறை பாவாடை மலைமேலேயே தங்கிவிட, அது இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாது என்று மறுபடி ஏறிப்போய் எடுத்து வந்தார் என்பது மலையேறிகள் நடுவே இன்றும் புழங்குகிற கதை.

ஆக, சங்கம் வந்துவிட்டது. ஆனால் சங்கத்தில் இருந்தவர்களும் மலைக்குப் போகும்போது சம்பளம் கொடுத்து ஆண் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

கயிற்றின் முதல் ஆள்

இங்கே கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாறையில் ஏறும்போது இரண்டு மூன்று பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். முதல் ஆள் ஏறி, நிலையான இடம் பார்த்து உட்கார்ந்து, கயிற்றை மேலிருந்து இழுத்துப் பிடிப்பார். இரண்டாம் ஆள் அந்தப் பிடியில் ஏறுவார். இரண்டாம் ஆளுக்குக் கால் வழுக்கினால் அரை அடி, ஓரடி சறுக்கித் தொங்கலாம். முதல் ஆள் வழுக்கினால் அப்படியில்லை. அவருக்கு மேலே பிடிக்க யாருமில்லை. விழுந்தால் தனக்குக் கீழே எவ்வளவு கயிறு நீண்டிருக்கிறதோ அவ்வளவும் விழுந்து, மேலும் அவ்வளவு விழ வேண்டும். 1920களில் இருந்தது சணல்வகைக் கயிறு. நைலான் வரவில்லை. முதல் ஆள் விழவே கூடாது என்பதுதான் அன்றைய சட்டம்.

ஆகவே எந்தப் பிளவில் கை வைப்பது, எங்கே நிற்பது, மேகம் கூடுகிறதே, போவதா திரும்புவதா எல்லாமே முதல் ஆளின் தலையில். இரண்டாம் ஆள் எத்தனை வருடம் ஏறினாலும் இந்த முடிவுகளில் ஒன்றைக்கூட எடுக்காமலே நல்ல மலையேறி என்று பெயர் வாங்கிவிடலாம். இதைத் தெளிவாகப் பார்த்தவர் மிரியம் ஓ’பிரையன் என்ற அமெரிக்கப் பெண். குழுவில் ஓர் ஆண் இருந்தால் போதும், ஆபத்து நேரத்தில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அவரும் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்வார், யார் மேலும் குற்றமில்லை, பழக்கம் அப்படி என்பது அவர் கணக்கு. அதனால் உண்மையிலேயே முன்னால் போகக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஆணே இல்லாத கயிறு வேண்டும்.

1929 ஆகஸ்டில் அவரும் பிரெஞ்சுக்காரரான ஆலிஸ் தமேமும் ஷாமோனிக்கு மேலேயுள்ள கிரெப்போன் கோபுரப் பாறையை இரண்டே பேராக ஏறி இறங்கினார்கள். அந்தக் காலத்தில் கடினம் என்று பெயர்போன பாறை அது. கீழே விடுதியில் இருந்த ஒரு பெரிய மலையேறி, இரண்டு பெண்கள் தனியாக ஏறிவிட்டார்களா, இனிமேல் மானமுள்ள எந்த ஆணும் கிரெப்போனுக்குப் போக முடியாதே என்று வருத்தப்பட்டாராம். 1932இல் இருவரும் மேட்டர்ஹார்னையும் அதேபோல் முடித்தார்கள். பெண்கள் மலைக்குழுவின் பிறப்புச் சான்றிதழில் இடம் எழுதச் சொன்னால் கிரெப்போன் என்றே எழுதலாம்.

முதல் விலை

ஆல்ப்ஸில் நடந்தது இமயத்தில் நடக்க இன்னும் பல வருடம் ஆனது. கிளோத் கோகான் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் நீச்சலுடை தைத்து விற்றவர். 1953இல் லடாக்கின் நுன் சிகரத்தை முதன்முதலாக ஏறிய இருவரில் ஒருவர். 1959இல் அவர் பல நாட்டுப் பெண்களைச் சேர்த்து, எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சோ ஓயு சிகரத்துக்குப் புறப்பட்டார். எவரெஸ்ட் ஏறிய டென்சிங்கின் மகள்கள் பெம் பெம், நிமா, உறவுப்பெண் டோமா மூவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இமயமலைப் பெண்கள் சுமை தூக்கிகளாக இல்லாமல் உறுப்பினர்களாகவே ஒரு பெரிய பயணத்தில் சேர்ந்தார்கள்.

அந்த அக்டோபரில் பனிப்புயல் வந்தது. மேல்முகாமில் இருந்த கோகானும், பெல்ஜியத்தைச் சேர்ந்த கிளோதீன் வான் டெர் ஸ்திராட்டனும், ஷெர்பா ஆங் நோர்புவும் திரும்பவில்லை. அவர்களை எச்சரிக்கப் போன இன்னொரு ஷெர்பாவையும் பனிச்சரிவு கொண்டுபோனது. பெண்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கு இது நல்ல சாக்காயிற்று. எட்டாயிரம் மீட்டர் மலைகளில் அதற்கு முன் ஆண்கள் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். அவர்கள் செத்தபோது பழி மலைமேல் விழுந்தது. இப்போது அது பெண் என்பதன்மேல் விழுந்தது.

கார் இருக்கையில் தைத்த உறை

இந்தப் பேச்சையெல்லாம் தாண்டியவர் ஜுன்கோ தபேய். 1939இல் ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்து மிஹாருவில் பிறந்தவர். ஐந்தடிக்கு உட்பட்ட உயரம், நோஞ்சான் பிள்ளை என்று பெயர். பத்து வயதில் பள்ளி ஆசிரியர் நாசு மலைக்குக் கூட்டிப்போனார். ஓட்டப்பந்தயம் மாதிரி இதில் யாரையும் முந்த வேண்டியதில்லை, மெதுவாகப் போனாலும் உச்சி வந்துவிடும் என்பது அவருக்குப் பிடித்துப்போனது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு மலைச்சங்கங்களில் சேர்ந்தபோது, கணவன் தேட வந்திருக்கிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு, பெண்ணோடு கயிற்றில் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றவர்களும் உண்டு.

1969இல் அவர் பெண்கள் மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். நமக்கு நாமே வெளிநாட்டு மலைக்குப் போவோம் என்பதுதான் கொள்கை. அடுத்த வருடமே, 1970 மே மாதம், 7,555 மீட்டர் உயரமுள்ள மூன்றாம் அன்னபூர்ணா. பிறகு எவரெஸ்டுக்கு விண்ணப்பம் போட்டு, 1975க்குத்தான் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தாலும் பணம் கிடைக்கவில்லை. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியபோது, பிள்ளையை வளர்க்கிற வேலையைப் பாருங்கள் என்ற பதில்தான் வந்தது. தபேய்க்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பாத மகள் இருந்தாள். கடைசி நேரத்தில் யோமியூரி செய்தித்தாளும் நிப்பான் தொலைக்காட்சியும் கைகொடுத்தன. அதன்பிறகும் ஆளுக்கு ஒரு வருடச் சம்பளம் அளவுக்குப் போட வேண்டியிருந்தது. தபேய் வீட்டில் பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார்.

மிச்சம் பிடித்த விதம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதாக இருக்காது. பழைய கார்களின் இருக்கை உறைகளை வெட்டி, தண்ணீர் புகாத பைகளும் கையுறைக்கு மேலுறைகளும் தைத்தார்கள். சீனாவிலிருந்து வாத்திறகு வாங்கித் தாங்களே தூக்கப்பை செய்தார்கள். குழுவில் ஆசிரியைகள் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மதிய உணவில் சாப்பிடாமல் விட்ட சின்னச் சின்ன ஜாம் பொட்டலங்களைச் சேர்த்துக்கொடுத்தார்கள். எவரெஸ்டுக்கு அதுவும் போனது.

பதினைந்து பெண்கள் கொண்ட குழு. தலைவர் எய்கோ ஹிசானோ. மே 4ஆம் தேதி, சுமார் 6,300 மீட்டரில் இரண்டாம் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்து கூடாரங்களை மூடியது. தபேய் அடியில் அகப்பட்டு நினைவிழந்தார். ஆறு நிமிடம் கழித்து ஷெர்பாக்கள் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். இரண்டு நாள் நடக்கவே முடியவில்லை. கீழேயிருந்து திரும்பிவிடும்படி பேச்சு வந்தும் அவர் இறங்கவில்லை. இரண்டு பெண்களை உச்சிக்கு அனுப்புவதாக இருந்த திட்டம், ஷெர்பாக்களுக்கு மலைநோய் வந்து ஆக்சிஜன் உருளை சுமக்க ஆள் குறைந்ததால் ஒருவராகச் சுருங்கியது. யார் அந்த ஒருவர் என்பதை ஹிசானோ முடிவு செய்தார். உச்சிக்குப் போகாமல் முகாமில் இருந்துகொண்டு, மற்றவர்கள் மனம் நோகும் என்று தெரிந்தும், பெயர் சொல்லி ஒருவரை அனுப்புவது தலைவரின் வேலை. 1975 எவரெஸ்டின் இந்தப் பாதியைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

உச்சிக்குச் சற்று முன்னே கத்தி முனை போல ஒரு பனி விளிம்பு. ஒருபக்கம் சீனா, மறுபக்கம் நேபாளம். இப்படி ஒன்று இருப்பதாக முன்னே போனவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லையே என்று தபேய்க்கு ஆத்திரம் வந்ததாம். உடம்பின் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் போட்டுத் தவழ்ந்து கடந்தார். 1975 மே 16, பகல் பன்னிரண்டரை. கூட இருந்தவர் ஷெர்பா ஆங் செரிங். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் என்பதைவிட, முப்பத்தாறாவது ஆள் என்று சொல்லுங்கள் என்பார் தபேய். பதினோரு நாள் கழித்துத் திபெத்தியரான ஃபான்தோக் வடக்குப் பக்கமாக ஏறிவிட்டார்.

அமெரிக்காவில் இதே கதை வேறு ரூபத்தில் நடந்தது. பெண்கள் அடிவார முகாம் வரை வந்து சமையலுக்கு உதவலாம், கட்டணத்தில் சலுகை உண்டு என்ற விளம்பரத்தைப் படித்த ஆர்லீன் ப்ளம், 1970இல் அலாஸ்காவின் தெனாலி சிகரத்துக்குப் பெண்கள் குழுவில் போனார். 1978இல் அவர் தலைமையில் போன பெண்கள் அன்னபூர்ணா ஏறினார்கள். பயணச் செலவுக்குப் பனியன் அச்சடித்து விற்றார்கள். இருவர் உச்சி தொட்டார்கள், இருவர் உயிர்விட்டார்கள்.

நாகுரியிலிருந்து ஜாம்ஷெட்பூர் வரை

இந்தியாவில் இதற்குள் இரண்டு மலையேற்றப் பள்ளிகள் வந்துவிட்டன. 1954இல் டார்ஜிலிங்கில் ஒன்று, 1965இல் உத்தரகாசியில் நேரு பெயரில் ஒன்று. உத்தரகாசிக்குப் பக்கத்து நாகுரி கிராமத்தில் 1954 மே 24 அன்று பிறந்தவர் பச்சேந்திரி பால். அப்பா திபெத் எல்லைக்குச் சரக்கு கொண்டுபோய் விற்ற சிறு வியாபாரி. பச்சேந்திரி சம்ஸ்கிருதத்தில் எம்.ஏ., பிறகு பி.எட். படித்தும் சரியான வேலை அமையவில்லை. மலைப்பள்ளியில் சேர்ந்தார். பயிற்சியிலேயே கங்கோத்ரி, ருத்ரகைரா சிகரங்களை ஏறி, நல்ல மாணவி என்று பெயரெடுத்தார். பாகீரதி ஏழு சகோதரிகள் என்று பெண்களே நடத்திய சாகசக் கழகத்தில் பயிற்றுநர் வேலையும் பார்த்தார். எவரெஸ்டுக்கு முன்பே அவர் இன்னொருவருக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1984 எவரெஸ்ட் குழு கலப்புக் குழு. தலைவர் கர்னல் டி.கே. குல்லர். ஆறு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் மூவரும் 1981இலேயே நந்தாதேவி ஏறியவர்கள். மே 15 இரவு, சுமார் 24,000 அடியில் மூன்றாம் முகாமில் தூங்கும்போது பனிச்சரிவு. தபேய்க்கு நடந்தது அப்படியே மறுபடி. கூட இருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து, உறைந்து இறுகிய பனியைத் தோண்டி பச்சேந்திரியை வெளியே இழுத்தார். தலையில் பின்பக்கம் அடி. குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காயத்தாலும் களைப்பாலும் இறங்கிவிட, பெண்களில் அவர் மட்டும் மேலே போனார். மே 23, பகல் 1.07க்கு உச்சி. மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்தது. எவரெஸ்ட் ஏறிய ஐந்தாவது பெண், முதல் இந்தியப் பெண்.

சாதனைப் பட்டியல்கள் அவர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடும். அவர் வாழ்க்கையின் பெரிய வேலை இதற்குப் பிறகுதான். அந்த வருடமே ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் சாகச அறக்கட்டளையின் பொறுப்பை ஏற்றார். 1993இல் இந்திய, நேபாளப் பெண்கள் எவரெஸ்ட் குழுவுக்குத் தலைவர். ஏழு பெண்கள் உள்பட பதினெட்டு பேர் உச்சி தொட்டார்கள். அதில் பத்தொன்பது வயது டிக்கி டோல்மாவும் உண்டு, முந்தின வருடமே ஏறி, இரண்டாம் முறை வந்த சந்தோஷ் யாதவும் உண்டு. தலைவர் இந்த முறை உச்சிக்குப் போகவில்லை, மற்றவர்களை அனுப்பினார். அடுத்த வருடம் பதினெட்டுப் பெண்களோடு ஹரித்வாரிலிருந்து கொல்கத்தா வரை கங்கையில் ரப்பர் படகு. 1997இல் எட்டுப் பெண்களோடு அருணாசலத்திலிருந்து சியாச்சின் வரை இமயத்தின் நீளத்துக்கு நடை, ஏழு மாதத்துக்கும் மேலே. பிறகு ஒரு கால் இழந்த அருணிமா சின்ஹா அவரிடம் பயிற்சி பெற்று 2013இல் எவரெஸ்ட் ஏறினார்.

1984இல் பச்சேந்திரியோடு எவரெஸ்டுக்குப் போய் உச்சி தொடாமல் திரும்பிய ஹர்ஷ்வந்தி பிஷ்ட், 2021இல் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண். எந்தக் குழு எந்த மலைக்குப் போகலாம் என்பதில் கையெழுத்துப் போடுகிற இடம் அது. உச்சி தொட்டவர், தொடாதவர் என்ற கணக்கு இங்கே உதவாது. முடிவெடுக்கும் இடத்துக்கு யார் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் கணக்கு.

குரங்கணி

இப்போது நம் மலைக்கு வருவோம். போடியிலிருந்து மேற்கே கொட்டகுடி ஆற்றோரமாகப் போனால் குரங்கணி. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இறங்கி வந்து சேர்ந்தது இந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஒரு பாதை டாப் ஸ்டேஷனுக்கு, இன்னொன்று ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிற கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு. தோட்டத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வழி. சென்னை, கோவைப் பக்கத்து இளைஞர்கள் வார இறுதிக்கு வர ஆரம்பித்தது பிற்பாடு.

2018 மார்ச் 10, 11. மகளிர் தினத்தையொட்டி வந்த சனி, ஞாயிறு. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. பெரும்பாலும் பெண்கள். கொழுக்குமலைக்கு ஏறித் தங்கிவிட்டு ஞாயிறன்று இறங்கும்போது, ஒத்தமரம் பக்கத்தில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. இருபத்துமூன்று பேர் இறந்தார்கள், சிலர் அங்கேயே, மற்றவர்கள் மருத்துவமனையில் ஒவ்வொருவராக.

மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளில் ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும். தீ சமவெளியில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். கீழே எரிகிற நெருப்பின் அனல் மேலே நிற்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சித் தயாராக வைத்துவிடும். பகலில் வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்குக் காற்றும் மலைமேல் நோக்கியே வீசும். நடுச்சரிவில் அகப்பட்டவர் மேலே ஓடியும் தப்ப முடியாது, கீழே ஓடவும் வழியில்லை. பக்கத்தில் பாறைப் பள்ளம். எரிந்து முடிந்த கரிநிலமோ, புல் முளைக்காத பாறையோ, ஓடைப் படுகையோ எங்கே இருக்கிறது என்று முன்னமே தெரிந்திருந்தால் ஒரு வாய்ப்பு. அந்த அறிவு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் முழுதாகக் கிடைக்காது. அந்தச் சரிவிலேயே வருடக்கணக்கில் நடந்தவர்களிடம்தான் இருக்கும்.

1959இல் நடந்ததுபோலவே இங்கேயும் பேச்சு எழுந்தது. பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதற்குக் காடு, மலை என்று டீக்கடையிலும் கேட்டார்கள், தொலைக்காட்சியிலும் கேட்டார்கள். நல்லவேளையாக, அரசு எடுத்த முடிவு அந்தத் திசையில் போகவில்லை. அந்த வருடமே மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்றானது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் நாற்பது பாதைகள் திறக்கப்பட்டன. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், காட்டையொட்டி வாழும் பழங்குடி, கிராமத்து இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருவார்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம், பாதைகள் மூடப்படும். மகளிர் தினம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகிறது. மலைக்குப் போய்க் கொண்டாட நினைப்பவர்கள் மழை பெய்து புல் பச்சை கட்டும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்த குழு

விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். பச்சேந்திரி ஏறி முப்பத்தொன்பது வருடம், தேதிகூட அதேதான். குடும்பமும் குழந்தைகளும் உள்ளவர், ஜப்பானிய மொழி சொல்லித்தரும் ஆசிரியை. தபேயின் ஊர்மொழியைப் பிழைப்பாகக் கொண்டவர் தபேயின் மலையை ஏறியது தற்செயல்தான். தற்செயல் அல்லாத ஒன்று பணம். தபேயும் ப்ளமும் எதிர்கொண்ட அதே சுவர். இவருக்குத் தமிழ்நாடு அரசு நிதி கொடுத்து உதவியது. அந்த வருடச் சுதந்திர தினத்தில் கல்பனா சாவ்லா விருதும் கிடைத்தது.

ஒருவர் ஏறிவிட்டார். இனி வேண்டியது கூட்டிப்போகிறவர்கள். இந்தக் கதை தொண்ணூறு வருடமாகச் சொல்லிவருவது அதைத்தான். கிரெப்போனில் ஓ’பிரையன், முகாமில் உட்கார்ந்து பெயர் சொன்ன ஹிசானோ, ஜாம்ஷெட்பூரில் பச்சேந்திரி எல்லோரும் பிடித்தது முன்கயிற்றை. உச்சி அதற்குப் பின்னால் தானாக வந்தது.

தேனி மாவட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். காற்று திரும்புவதையும் மேகம் இறங்குவதையும் பார்த்தே சொல்லிவிடுகிற பெண்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், யானை எந்தப் பக்கமாக இறங்கும், புல் எப்போது பற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்கு வேலையோடு வந்த படிப்பு. ஏலத்தோட்டத்தில் அவர்களுக்கு முன்னால் நடப்பவர் கங்காணி. காட்டுப் பாதையில் பயணிகளுக்கு முன்னால் நடக்க அவர்களையே கூப்பிடலாம். முதலுதவியும் கம்பியில்லாக் கருவியும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கச் சில வாரம் போதும். மலையைச் சொல்லிக்கொடுக்கத்தான் வருடங்கள் ஆகும், அதை அவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள். வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் போடி பஸ் நிலையத்துப் பக்கம் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு நடை வந்து விசாரித்துப் பார்க்கட்டும்.